பாட்டிலைத் திரும்ப வாங்குகிறார்கள், மனிதனை?

(பட்டிமன்றத் தலைப்பு: குடிநோயாளியை மீட்பதில் பெரிதும் துணை நிற்பது குடும்பமா? மருத்துவமனையா? நடந்த இடம்: மஞ்சூர், நீலகிரி மாவட்டம். 'மருத்துவமனையே' என்ற அணியில் ஒரு செவிலியர் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அன்பு, பாசம், கண்ணீர் என்று மூன்று குடம் தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்த என் அணித் தலைவர் அவர்களே! குந்தா மலைக்காற்று காதைக் கடித்தாலும், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மஞ்சூர்ப் பெருமக்களே! தாய்மார்களே! தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ் நெஞ்சங்களே! 

நான் பேச்சாளர் இல்லீங்க. செவிலியர். ஆஸ்பத்திரியிலே என் வேலை கொஞ்சம் விசித்திரமானது. குடிநோய்ப் பிரிவுக்கும் மற்ற வார்டுகளுக்கும் நடுவிலே நடந்துகொண்டே இருப்பது. கால் ஒடிஞ்சவர் இருக்கிற வார்டு, வயிற்று வலிக்காரர் இருக்கிற வார்டு, மஞ்சள் காமாலைக்காரர் இருக்கிற வார்டு... எங்கெல்லாம் நோய்க்குப் பின்னாலே குடி ஒளிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் போய் அதைக் கண்டுபிடித்து, அந்த மனிதரோடு பேசி, டாக்டரிடம் சொல்லி, குடிநோய்ப் பிரிவோடு சேர்த்துவிடுவது. எங்க வார்டு உதவியாளர் எனக்கு வைத்த பெயர், "பாலம் சிஸ்டர்". (சிரிப்பு)

ஏன் இப்படி ஒரு பாலம் வேண்டும்? நடுவர் அவர்களே, "எனக்குக் குடிநோய், ஒரு படுக்கை கொடுங்க"ன்னு கேட்டு வருகிறவர் ரொம்பக் குறைவு. "வழுக்கி விழுந்துட்டேன்"னு வருவார். "வாயுத் தொல்லை"ன்னு வருவார். "பசி எடுக்கலை"ன்னு வருவார். இந்த மலையிலே கேட்டா இன்னொரு பதிலும் ரெடியா இருக்கும்: "குளிருக்குத்தாங்க கொஞ்சம்!" (சிரிப்பு)

அந்தக் குளிர்க் கணக்கை முதலில் முடிச்சுடுவோம். குடித்ததும் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியுது. சூடான ரத்தம் தோலுக்கு வருது. உடம்பு கதகதன்னு இருக்கிற மாதிரித் தெரியுது. ஆனால் உள்ளே இருந்த சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கதவையும் ஜன்னலையும் திறந்து வச்சுட்டு அடுப்பை எரிக்கிற கதை. குளிருக்குக் குடிக்கிறவர் குளிரை விரட்டலை, உள்ளே கூப்பிடுகிறார்! (கைதட்டல்)

இப்போ எதிரணி வாதத்துக்கு வருகிறேன். எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார். "மனைவியின் ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், மதுக்கடையே மூழ்கிவிடும்" என்றார். தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறேன். (பலத்த சிரிப்பு) கண்ணீரில் கடை மூழ்கும் என்றால், நம்ம ஊர்ப் பெண்கள் அழுத அழுகைக்கு ஒரு கடை மிஞ்சியிருக்குமா?

குடும்பம் என்ன செய்யும்? அழும். திட்டும். கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டும். கடைசியில், "இன்னையோட நிறுத்து! ஒரு சொட்டு தொடக்கூடாது!" என்று அறையில் போட்டுப் பூட்டும். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பல வருஷமாகத் தினமும் நிறையக் குடித்த உடம்பில் அந்தப் பூட்டு என்ன செய்யும் தெரியுமா?

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கலாம். வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 நாள் கழிந்து 4 நாள் வரைக்கும்தான் பெரிய கண்டம். ஆளுக்கு நாள் தெரியாது, இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊருதுன்னு சொல்வார். காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இந்தப் பிதற்றல் நோயைத்தான் வீட்டிலே "பேய் பிடிச்சிருக்கு"ன்னு சொல்றாங்க.

எலும்பு முறிவு வார்டில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி. காலில் மாவுக்கட்டு. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, வலது கையைச் சாய்வாக வீசிக்கொண்டே இருக்கிறார். இடது கையால் எதையோ ஒதுக்குகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்து போர்வைக்குள் போயிட்டார். அவர் மனைவி, "சாமி வந்திருக்கு சிஸ்டர், எலுமிச்சம்பழம் கிடைக்குமா?"ன்னு கேட்கிறார். நான் மலைக்காரி. அந்தக் கை வீச்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கவாத்து வெட்டுகிறார்! கையில் கத்தி இல்லை, முன்னால் தேயிலைச் செடி இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறார். இந்தப் பிதற்றலில் மனிதன் தன் தொழிலையே செய்து காட்டுவது உண்டு என்று மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. தையற்காரர் ஊசி கோப்பார், டிரைவர் ஸ்டியரிங் பிடிப்பார்.

நடுவர் அவர்களே! அந்த மனிதர் பிழைத்தார். எலுமிச்சம்பழத்தால் அல்ல. அவர் சேர்ந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: "அண்ணே, கடைசியா எப்போ குடிச்சீங்க?" பதில் குறிப்பில் இருந்தது. நடுக்கம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். டாக்டர் உடனே வந்தார், மருந்து தயாராக இருந்தது. ராத்திரி முழுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தோம். அடுத்த சில நாளில் தெளிந்து, "சிஸ்டர், ஒரு டீ கிடைக்குமா?" என்றார். கவாத்து வெட்டின களைப்பு! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு விஷயம் சொல்கிறேன், தாய்மார்கள் மனசில் வச்சுக்குங்க. நம்ம ஜனங்களுக்கு குளுக்கோஸ் மேலே ஒரு தனிப் பாசம். "ஆள் சோர்ந்து போயிட்டார், ஒரு பாட்டில் ஏத்துங்க"ன்னு கேட்பாங்க. வருஷக்கணக்காகக் குடித்துச் சோறு தின்னாத உடம்பில் தயாமின் என்கிற பி1 வைட்டமின் காலியாக இருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மூளை பாதிக்கிற ஆபத்து இருக்கிறது. கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். 1881ல் ஜெர்மனியில் வெர்னிக் என்ற டாக்டர் எழுதி வைத்த நோய் இது. முதலில் தயாமின், அப்புறம்தான் குளுக்கோஸ். இந்த வரிசை பாசத்துக்குத் தெரியாது, மருத்துவமனைக்குத் தெரியும்.

பாசம் செய்கிற இன்னொரு வேலை... "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்க" என்று சிலர் மாத்திரை விற்கிறார்கள். டைசல்பிராம் என்று ஒரு மருந்து. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்கு வந்தது. டாக்டர் பார்த்து, நோயாளி சம்மதித்து, தெரிந்து சாப்பிட்டால் சிலருக்கு உதவும். தெரியாமல் கொடுத்து அவர் வெளியே போய்க் குடித்தால்? முகம் சிவக்கும், மார்பு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா, தாலியைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு அந்தச் சாம்பாரை ஊத்தாதீங்க!

எதிரணி அக்கா கேட்டார்கள்: "குடும்பம் இல்லாமல் ஆஸ்பத்திரி ஜெயித்த கதை உண்டா?" நம்ம நாட்டுக் கதையே சொல்கிறேன்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார். முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அவர்கள் குடும்பத்து மருமகள். வசதிக்குக் குறைவில்லை, படிப்புக்குக் குறைவில்லை, அன்புக்குக் குறைவில்லை. ஆனாலும் கணவர் ரங்கநாதன் அவர்களைக் குடிநோய் 1979ல் கொண்டுபோய்விட்டது. அந்த அம்மையார் அதோடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1980ல் கணவர் பெயரிலேயே குடிநோய்க்கு ஒரு சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். இன்றைக்கு டி.டி.கே. மருத்துவமனை என்றால் தெரியாதவர் இல்லை. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது.

நடுவர் அவர்களே, கவனியுங்கள்! அன்பு மட்டும் போதும் என்றால் அந்த வீட்டிலேயே வேலை முடிந்திருக்கும். அன்பை முழுக்கக் கொடுத்துப் பார்த்த ஒரு மனைவி, "மற்ற பெண்களுக்கு இந்தக் கதி வரக்கூடாது" என்று நினைத்தபோது என்ன கட்டினார்? மருத்துவமனை கட்டினார்! (நீண்ட கைதட்டல்) அதோடு விட்டாரா? 1989ல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சை முகாமைக் கொண்டு போனார்கள். கிராமத்து மனிதன் சென்னைக்கு வர முடியாதா? சரி, மருத்துவமனை கிராமத்துக்கு வரும்!

கடல் தாண்டியும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். 1939. குடிகாரரைச் சேர்க்க ஆஸ்பத்திரிகள் தயங்கிய காலம். புனித தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்கிற மேசையில் ஒரு கன்னியாஸ்திரி, சகோதரி இக்னேஷியா. டாக்டர் பாப் என்பவர் ஒரு குடிநோயாளியைக் கூட்டி வருகிறார். சகோதரி என்ன எழுதினார் தெரியுமா? 'வயிற்றுப் புண்' என்கிற மாதிரி ஒரு வயிற்று நோய்! (சிரிப்பு) மற்ற நோயாளிகள் கண்ணில் படாமல் இருக்க, பூக்களை அடுக்கி வைக்கிற சின்ன அறையில் கட்டிலைத் தள்ளிப் படுக்க வைத்தார். அந்தப் பூ அறையில் தொடங்கியது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்வு கொடுத்தது. சிகிச்சை முடிந்து போகிறவர் கையில் ஒரு சின்னச் சின்னத்தைக் கொடுத்து, "மறுபடி குடிக்கணும்னு தோணினா, குடிக்கிறதுக்கு முன்னாலே இதை என்னிடம் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துடுங்க" என்பாராம். இது ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் எனக்காகக் காத்திருக்கிறார் என்கிற நினைப்பு! அதுதான் எங்கள் வேலை.

"எல்லாரும் குணமாகிறார்களா?"ன்னு எதிரணி கேட்கும். நேர்மையாகச் சொல்கிறேன். இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆய்வு நடந்தது, 2017ல் வெளிவந்தது. மனநல டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், அதிகமாகப் போனால் 4 தடவை உட்கார்ந்து பேசினார்கள். 3 மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிப் பேசியவர்களில் 100க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். பத்துப் பேர்தானே கூடுதல்னு நினைக்காதீங்க. அந்தப் பத்து வீட்டுக்குப் போய்க் கேளுங்க, பத்து சின்ன நம்பரா என்று! (கைதட்டல்)

மற்றவர்கள்? மறுபடி குடிக்கிறவர் உண்டு. நான் காரமடையிலிருந்து கெத்தை வழியாக இங்கே வந்தேன். 43 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது, வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரித் தெரியும். ஜன்னல் வழியே பார்த்தால் விட்டு வந்த ரோடே தெரியும். ஆனால் பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது! குடிநோயாளி ஒரு தடவை சறுக்கினால் குடும்பம் என்ன சொல்லும்? "எல்லாம் போச்சு, நீ திருந்தவே மாட்டே!" நாங்கள் என்ன சொல்வோம்? "இது ஒரு வளைவு. இறங்கிடாதீங்க. உட்காருங்க." சர்க்கரை நோய்க்காரர் ஒருநாள் லட்டு சாப்பிட்டால் வீட்டை விட்டா துரத்துகிறோம்? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, குடும்பத்தை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குடும்பமும் நோயில் விழுந்து கிடக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை, அப்பாவைப் பார்க்க வார்டுக்கு வந்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டது: "அக்கா, அப்பா மறுபடி குடிச்சா நான் செத்துப் போயிடுவேனா?"

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா அப்படிக் கேக்கறே?"

"பாட்டியும் மாமாவும் அப்பாவை என் தலையிலே கை வச்சுச் சத்தியம் பண்ண வச்சாங்க. குடிச்சா என் உயிர் போயிடும்னு சொன்னாங்க. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலே எனக்கு வயிறு வலிக்குதுக்கா."

(அரங்கில் அமைதி)

பாட்டி கெட்டவரா? மாமா கெட்டவரா? இல்லை. தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். ஆனால் அப்பாவின் நோயைத் தூக்கி அந்தப் பிஞ்சுத் தலையில் வைத்துவிட்டார்கள். நான் அந்தக் குழந்தையை உட்கார வைத்துச் சொன்னேன்: "கண்ணு, அப்பா குடிக்க நீ காரணம் இல்லை. அதை நிறுத்துறது உன் வேலையும் இல்லை. சத்தியம் மீறினா யாரும் சாகமாட்டாங்க. அப்பாவுக்கு வந்திருக்கறது நோய். அதைப் பாத்துக்க நாங்க இருக்கோம். உன் வேலை, கணக்குப் பரீட்சை எழுதறது." அப்புறம் பாட்டியையும் மாமாவையும் அழைத்து உட்கார வைத்து, பேத்தி முன்னாலேயே அந்தச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னோம். பாட்டி அழுதுகொண்டே பேத்தி தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி குழந்தை நன்றாகச் சாப்பிட்டதாம். சொல்லுங்கள், அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது யார்? (நீண்ட கைதட்டல்)

2019ல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு உதவி கிடைத்தவர் 38 பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். 38 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போகிறது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஒருவர்தான் இறங்குகிறார். மற்ற 37 பேருக்கும் குடும்பம் இல்லையா? அன்பான அம்மா இல்லையா? இருக்கிறார்கள்! இல்லாதது எது? "அண்ணே, இங்கே இறங்குங்க" என்று கைகாட்ட ஒரு ஆள்! பிரிட்டனில் 2019ல் வந்த திட்டத்தில், குடிநோய் அதிகம் உள்ள இடத்து ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனிக் குழு வைக்கிறோம் என்று எழுதினார்கள். நம் பக்கம் கூடலூரில் 'அஸ்வினி' ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். ஊர்ப் பேச்சு தெரிந்த ஆள் வார்டில் இருந்தால் நோயாளி வாய் திறப்பார். மஞ்சூர்க்காரருக்கு மஞ்சூர்ப் பேச்சு தெரிந்த ஒரு சிஸ்டர் வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாலம் வேண்டும்!

வள்ளுவர் இதை எப்பவோ சொல்லிவிட்டார். 93வது அதிகாரம் கள்ளுண்ணாமை. 95வது அதிகாரம் மருந்து. இடையில் 94 என்ன தெரியுமா? சூது! கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில் வாழ்க்கையே சூதாட்டம் என்று தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ! (சிரிப்பு) அந்த மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நாலு பேரைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலேயே இருந்து கவனிப்பவர். அதில் மாமனாரைக் காணோம், மைத்துனரைக் காணோம். (பலத்த சிரிப்பு) நாலாவது ஆளாக நிற்பது யார்? எங்களைப் போன்ற செவிலியர்!

உடனே எதிரணி, "பக்கத்தில் இருந்து கவனிக்கிறது மனைவிதானே" என்று கேட்பார்கள். மனைவி கவனிக்கட்டும். ஆனால் எதைக் கவனிக்கணும்னு அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டாமா?

முடிக்கப் போகிறேன் ஐயா, மணியை அடிச்சுடாதீங்க. (சிரிப்பு)

இந்த நீலகிரியில் 2022ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. குடித்துவிட்டுக் காட்டில் வீசுகிற பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது. அதனாலே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இந்த மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. யானைக்கு நல்லது. காட்டுக்கு நல்லது. வரவேற்கிறேன். ஆனால் என் கேள்வி இதுதான்: காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்க ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. அந்தப் பாட்டில் காலியாக்கிவிட்ட மனிதனைத் திரும்ப வாங்க எந்தக் கவுன்ட்டர் இருக்கிறது? (நீண்ட கைதட்டல்) வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். வேலையில் பேரை நீக்குகிறார்கள். ராத்திரி 2 மணிக்கும் கதவைத் திறந்து வைத்து, "உள்ளே வாங்க அண்ணே, எப்போ கடைசியா குடிச்சீங்க?" என்று திட்டாமல் கேட்கிற ஒரே இடம் மருத்துவமனைதான்!

தாய்மார்களே, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு ஆண்பிள்ளை எந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், சிஸ்டர் குடியைப் பற்றிக் கேட்டால் மானம் போகும் என்று மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. மனநல ஆலோசனை சொல்வார்கள். போதைக்கென்றே 14446 இருக்கிறது.

நோயாளியைக் கொண்டுவந்து விடுவது குடும்பம். அவரை மனிதராகத் திருப்பிக் கொடுப்பது மருத்துவமனை. எனவே, குடிநோயாளியை மீட்பதில் பெரிதும் துணை நிற்பது மருத்துவமனையே, மருத்துவமனையே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குவார்கள் என்று நம்புகிறேன். (பலத்த கைதட்டல்)